இருபத்தைந்து தடவை அடிக்காதவர்

தன் பேஸ்பால் வாழ்க்கையைக் கெடுத்தது ஸ்கோர் நோட்டு எழுதிய சங்கிலிமுத்துதான். அதில் கோமதிநாயகத்துக்கு முப்பத்தெட்டு வருஷமாக ஒரு சந்தேகமும் வந்ததில்லை.

இப்போது அந்த சங்கிலிமுத்து குன்றின் மேல் காவி கட்டிய சாமியார். ஊரே அவரிடம் ஞானம் கேட்க ஏறுகிறது. கோமதிநாயகம் கையெழுத்து கேட்க ஏறினார்.

"சாமி, ஒரே ஒரு கையெழுத்து. போட்டுட்டீர்னா நான் பாட்டுக்கு இறங்கிருவேன்."

"எதுக்கு?"

"ஞாயித்துக்கிழமை பேஸ்பால் மைதானத்துல பலகை தொறக்காவ. நம்ம காலத்து மாவட்ட அணியில சிறந்த பேட்டர்னு ஒரே ஒரு பேரு. வியாகப்பன் பேரை எழுதி வெச்சிருக்காவ. ஸ்கோர் தப்புன்னு அதை எழுதுன ஆளே எழுதிக் கொடுத்தா மாத்துவாவளாம்."

"வியாகப்பன் நல்லா அடிப்பானே."

"அடிப்பான். யாரு இல்லைன்னா? நூறு தடவை பேட் பிடிச்சான், இருபத்தொன்பது தடவை அடிச்சு பேஸ் ஏறுனான். நானும் நூறு தடவை பிடிச்சேன். இருபத்திநாலு. உம்ம நோட்டைப் பார்த்துட்டு அவனை மாநில அணிக்குக் கூட்டிட்டுப் போனாவ. ஏறி உக்காந்திருந்த என்னை பஸ்ஸை விட்டு இறக்கி விட்டாவ."

"இருபத்தொன்பது பெருசுதானே."

கோமதிநாயகம் தலையில் கை வைத்தார். சாமி என்ற மரியாதை அந்த இடத்தில் கழன்று விழுந்தது.

"இன்னுமா வே உமக்கு வெளங்கல? எறியுறவன் நாலு பந்தைக் கண்ட இடத்துல எறிஞ்சா, நான் தொடாம நின்னா, சும்மாவே முதல் பேஸுக்கு நடக்கலாம். அது சட்டம். அப்படி நான் இருபத்தஞ்சு தடவை நடந்தேன். வியாகப்பன் மூணே தடவை. அந்தத் தடவைகளை ஆவரேஜ்ல சேர்க்கவே கூடாது. நீரு கிரிக்கெட்டுக்கு எழுதிப் பழகுன ஆளு. அடிக்கலையா, முட்டைன்னு சுழிச்சுட்டீரு."

"அப்படியா?"

"அப்படித்தான். எனக்கு எழுபத்தஞ்சுக்கு இருபத்திநாலு. நூத்துக்கு முப்பத்திரெண்டு ஆச்சு. அவனுக்கு முப்பதுகூடத் தேறாது. பேஸ் ஏறுனதை மொத்தமாப் பார்த்தா நான் நாப்பத்தொன்பது, அவன் முப்பத்திரெண்டு. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் நான்தான்."

சாமியார் விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டார். ஒரு கையில் போட்டதை மறு கையில் மறந்தார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். கோமதிநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஆமா வே," என்றார் சாமியார் கடைசியில். "தப்புதான்."

இந்த ஒரு வார்த்தைக்காக முப்பத்தெட்டு வருஷம். அது, பஸ் போயிருச்சா என்று கேட்டவனுக்குச் சொல்லும் பதில் மாதிரி வந்து விழுந்தது. கோமதிநாயகத்துக்கு இன்னும் எரிச்சல் ஏறியது.

"அப்ப கையெழுத்தைப் போடும்."

"சங்கிலிமுத்துல்ல போடணும்?"

"நீருதான வே சங்கிலிமுத்து?"

"அவன் செத்துட்டான். காவி வாங்குற அன்னைக்கு நானே அவனுக்குப் பிண்டம் வெச்சு, எள்ளும் தண்ணியும் விட்டேன். செத்தவன் கையெழுத்தை நான் எப்படிப் போட?"

"சரி, உம்ம சாமி பேருலயாவது போட்டுத் தொலையும்."

"அந்த ஆளு பேஸ்பால் பார்த்ததே இல்லையே."

"காலையில இட்லி தின்னது எவன்?"

"அது நான்."

கோமதிநாயகம் காகிதத்தை நாலாக மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்துச் சட்டைப் பையில் திணித்தார்.

"ஒண்ணு கேக்கேன்," என்றார் சாமியார். "இருபத்தஞ்சு தடவை ஏன் அடிக்காம நின்னீரு?"

"அடிக்கக் கூடாத பந்து வே அது. ஆசைப்பட்டு வீசுனா அவுட்டு. கம்முனு விட்டா பேஸு."

"பார்த்ததும் தெரிஞ்சிருமா?"

"எனக்குத் தெரியும். வியாகப்பனுக்குத் தெரியாது."

சாமியார் எழுந்தார். பக்தர்கள் கொண்டுவந்து குவித்த எலுமிச்சம்பழத்தில் நாலை அள்ளிக்கொண்டு, முற்றத்தின் மறுகோடிக்கு நடந்தார்.

"ஊனிட்டு வந்த கம்பை எடும்."

"அறுபத்தாறு வயசு ஆளை வெச்சு வெளையாடுதீரா?"

"எடும் வே."

கிறுக்குப் பயல் என்று முனகிக்கொண்டே கோமதிநாயகம் கம்பை எடுத்தார். கை அதுவாகவே இறுக்கிப் பிடித்தது. முட்டி அதுவாகவே மடங்கியது.

முதல் எலுமிச்சை தலைக்கு மேலே போனது.

இரண்டாவது கால் விரலுக்கு முன்னால் தரையில் விழுந்தது.

மூன்றாவது எங்கேயோ போனது.

நாலாவது மெதுவாக, இடுப்பு உயரத்தில், ஒரு சாண் மட்டும் விலகி வந்தது. கம்பு துடித்தது. வீசவில்லை. பழம் பின்னால் பாறையில் மோதி உருண்டது.

"ஏன் விட்டீரு?"

"இதெல்லாம் அடிக்கிற பந்தா?" என்று கோமதிநாயகம் எரிந்து விழுந்தார்.

"நாலு ஆச்சு," என்றார் சாமியார். கையைப் படிக்கட்டுப் பக்கம் நீட்டினார். "போம்."

கோமதிநாயகம் கம்பைக் கீழே போட்டார். நடந்தார்.

இறங்கி ஆறாவது படியில்தான் நின்றார். பையைத் தொட்டுப் பார்த்தார். திரும்பினார். சாமியார் குனிந்து எலுமிச்சம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"கையெழுத்து பாக்கி இருக்கு வே," என்றார் கோமதிநாயகம்.

சொல்லிவிட்டு ஏழாவது படியில் காலை வைத்தார்.