அரை பாட்டில் கலர்

"சிகிச்சை நெறிமுறையில் ஒன்றைக்கூட விடவில்லை மேடம். பிறகு ஏன் அவன் எழவில்லை?"

தலைக்காய வார்டின் வாசலில் நின்று மாசிலாமணி கேட்டார். கிராமத்து ஆஸ்பத்திரிகளில் முடி நரைத்த பிறகு, மேல்படிப்புக்கென்று எஸ்தர் டாக்டரிடம் வந்து சேர்ந்தவர் அவர். எஸ்தருக்கு அவரைவிட வயது குறைவு. பேச்சு அதைவிடக் குறைவு.

எஸ்தர் என்னென்ன செய்தீர்கள் என்பது போல் கையை மட்டும் விரித்தார்.

மாசிலாமணி சொன்னார். கட்டிலின் தலைமாட்டை உயர்த்தியாயிற்று. மூச்சுக்குழாய் போட்டாயிற்று. ரத்த அழுத்தம் இறங்கிவிடாமல் காவல் காத்தாயிற்று. ஸ்கேன், ஆபரேஷன், எல்லாம் நேரத்துக்கு. இதே நெறிமுறையை வைத்துக்கொண்டு பட்டணத்தில் எத்தனையோ பேரை நடக்கவைத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

இங்கேயும் சாவு குறைந்துதான் இருந்தது. ஆனால் பிழைத்தவர்கள் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்கள். பைக்கிலிருந்து விழுந்த சுடலைமுத்துவும் அப்படித்தான் கிடந்தான்.

"நெறிமுறை எழுதின பெரிய மனுசங்க யாரும் நம்ம ரோட்டில் வந்து நின்றதில்லை," என்றார் மாசிலாமணி. கசப்பாகத்தான் சொன்னார்.

"சுடலைமுத்து வந்த அன்றைக்குக் குழாய் விட்டு நெஞ்சுக்குள் இருந்ததை உறிஞ்சினீர்களே. என்ன வந்தது?" என்றார் எஸ்தர்.

"சளி. ரத்தம்." கொஞ்சம் யோசித்தார். "ஆரஞ்சு நிறத்தில் தண்ணீர்."

"அது என்ன தண்ணீர்?"

மாசிலாமணிக்கு அப்போதுதான் உறைத்தது.

பெட்டிக்கடையில் பாட்டிலில் விற்கிற கலர் சோடா.

நினைவு தப்பியவனுக்கு இருமல் வராது. வாயில் ஊற்றுவதெல்லாம் நுரையீரலுக்குள் இறங்கும். மூச்சு அடைபடும். மூச்சு அடைபட்டுக் கிடக்கிற நேரமெல்லாம் மூளை செத்துக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகுதான் அவன் ஆஸ்பத்திரிக்கே வந்திருக்கிறான்.

"யார் ஊற்றினார்கள்?" என்றார் மாசிலாமணி.

எஸ்தர் வராந்தாவைக் கை காட்டினார்.

"போய்க் கேளுங்கள். அவன் ஏன் எழவில்லை என்பதையும் நீங்களே சொல்லிவிட்டு வாருங்கள்."

வராந்தாவில் சுடலைமுத்துவின் மனைவி இசக்கியம்மாள் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவன் பின்னால் பைக்கில் இருந்தவள். முழங்கையில் சிராய்ப்போடு தப்பித்தாள். மாசிலாமணியைக் காணும்போதெல்லாம் அவுக எப்ப எந்திரிப்பாக என்று கேட்பாள். வேறு எதுவும் கேட்டதில்லை.

இன்றைக்கு அதையும் கேட்கவில்லை. முகம் ஏன் இப்படி வாடிக் கிடக்கு, காலையில் சாப்பிடவில்லையா என்றாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பையைத் துழாவி ஒரு பாட்டிலை எடுத்துத் திறந்து நீட்டினாள். உள்ளே பாதிக்குக் கலர் இருந்தது.

ஆரஞ்சு நிறம்.

மாசிலாமணி வாங்கிக்கொண்டார். ஒரு மடக்கு குடித்தார். புரை ஏறியது.

குனிந்து இருமினார். கண்ணில் நீர் வந்துவிட்டது. இசக்கியம்மாள் பதறி எழுந்து அவர் உச்சந்தலையில் தட்டினாள்.

"யாரோ உங்கள நெனைக்காக சார்."

இருமல் நிற்கவில்லை. அவளும் தட்டுவதை நிறுத்தவில்லை.

"அன்னைக்கு அவுகளுக்கும் இப்படிப் புரை ஏறிருமோன்னு பயந்துக்கிட்டேதான் ஊத்துனேன்," என்றாள். "ஒரு இருமல்கூட இல்ல சார். பச்சப்புள்ள கணக்கா அமைதியா குடிச்சாக."