யானை ஏற்றுக்கொண்ட ஆணை

பொன்மருதை நாட்டு ராஜா வீரகேதுவுக்குக் கோபம் வந்தால் மீசை துடிக்கும், சிரிப்பு வந்தால் தொந்தி குலுங்கும். ஆள் நல்லவர்தான். ஆனால் காதில் கடைசியாக யார் ஓதுகிறார்களோ, அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார். அன்றைக்கு ஓதியவர் அரண்மனை அதிகாரி தாண்டவராயர்.

“மகாராஜா, அரண்மனை வேலையெல்லாம் இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குத்தான் என்று ஒரு ஆணை போடுங்கள். அந்த யானைப்பாகன் சாத்துண்ணி மேற்கு மலைக்காரன். அவன் பேச்சைக் கேட்டாலே காது கூசுகிறது!”

ராஜா முத்திரை குத்திவிட்டார். பன்னிரண்டு வருஷம் பட்டத்து யானை மலைக்கொழுந்தை வளர்த்த சாத்துண்ணிக்கு அன்றே வேலை போயிற்று. “நான் என்ன தப்பு செய்தேன்?” என்று ஒரு வார்த்தை கேட்டான். கேட்ட குற்றத்துக்கு இருந்த குடிசையையும் பிடுங்கிக்கொண்டார்கள். யானைக்குப் புதுப் பாகனாக வந்தது யார் தெரியுமா? தாண்டவராயரின் சொந்த மைத்துனன்!

சாத்துண்ணி நேரே அரசவை விகடகவி அம்பலத்தாடியின் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“ஐயா, வேலை போனால் இன்னொரு வேலை தேடிக்குவேன். மலைக்கொழுந்தை விட்டுட்டு எப்படி ஐயா இருப்பேன்? குட்டியா அதை மலையிலிருந்து கூட்டி வந்ததே நான்தானே!” சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

அம்பலத்தாடி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அரண்மனைக்கு நடந்தான்.

“மகாராஜா, சாத்துண்ணியைப் போல யானை ஓட்டத் தெரிந்தவன் இந்த நாட்டில் உண்டா?”

“திறமையைப் பற்றிப் பேச்சே இல்லை. எங்கே பிறந்தான் என்பதுதான் கேள்வி” என்றார் ராஜா.

“ஆணையை மாற்றக்கூடாதா?”

ராஜாவின் மீசை துடித்தது. “அந்த ஆணையால் எனக்கு ஒரே ஒரு தொல்லை வந்ததென்று காட்டு, மாற்றுகிறேன். விஜயதசமிக்குள் காட்டாவிட்டால் ஒரு வருஷம் யானைக்கொட்டிலில் நீதான் லத்தி அள்ள வேண்டும்!”

தாண்டவராயர் வாய் பொத்திச் சிரித்தார். அம்பலத்தாடி கும்பிடு போட்டுவிட்டு வந்து, சாத்துண்ணியைத் தன் வீட்டிலேயே தங்க வைத்தான்.

விஜயதசமி வந்தது. கோட்டை வாசலில் ஊரே கூடியிருந்தது. பட்டாடை போர்த்திய மலைக்கொழுந்து, அம்பாரியைக் கட்டியதும் வழக்கம்போல உட்கார்ந்தது. ராஜா ஏறிக்கொண்டார். மேளம் முழங்கியது. யானை எழுந்திருக்கவில்லை.

“எழுந்திரு!” என்றான் மைத்துனன். அசையவில்லை.

“எழுந்திருடா ராசா!” கரும்பு கொடுத்தான். கரும்பைத் தின்றுவிட்டுக் காதை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தது. வெல்லம் கொடுத்தான். அதுவும் உள்ளே போயிற்று, அவ்வளவுதான். மைத்துனன் தொண்டை கட்டும்வரை கத்தினான். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரிக்க, மேளக்காரர்களும் வாசிப்பை நிறுத்திவிட்டார்கள்.

“அம்பலத்தாடி! என்ன இது? மானம் போகிறதே!” என்று அம்பாரியிலிருந்து அலறினார் ராஜா.

அம்பலத்தாடி யானையின் வாயருகே காதை வைத்து, “அப்படியா? சரி, சரி” என்று தலையாட்டினான்.

“என்னடா சொல்கிறது?”

“உங்கள் ஆணை அதற்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம், மகாராஜா. தானும் அப்படியே நடக்கப் போகிறதாம். மேற்கு மலையில் பிறக்காத யாரையும் இனிமேல் சுமக்காதாம்.”

“என்ன திமிர்! நான் ராஜா! இருபது போர் ஜெயித்தவன்!”

“திறமையைப் பற்றிப் பேச்சே இல்லை, மகாராஜா. எங்கே பிறந்தீர்கள் என்பதுதான் கேள்வியாம்.”

ராஜாவுக்குச் சுருக்கென்றது. தான் சொன்ன அதே வார்த்தைகள்! பிறகு மெல்லத் தொந்தி குலுங்கியது. அப்புறம் அம்பாரியே குலுங்கியது.

“கூப்பிடு சாத்துண்ணியை!”

அவன் அம்பலத்தாடிக்குப் பின்னாலேயேதான் நின்றிருந்தான். ஓடி வந்து துதிக்கையைக் கட்டிக்கொண்டு மலைப்பேச்சில் ஏதோ சொன்னான். மலைக்கொழுந்து பிளிறிக்கொண்டு எழுந்து நின்றது.

யானை மேலிருந்தபடியே ராஜா புது ஆணை சொன்னார்: “எந்த நாட்டில், எந்த இனத்தில் பிறந்தவனாக இருந்தாலும் வேலை தெரிந்தவனுக்கு இங்கே வேலை உண்டு. பேச்சையும் பிறப்பையும் காட்டி யாரையும் விரட்டக்கூடாது. அநியாயம் என்று முறையிட்டவன்மேல் கை வைத்தால், வைத்தவன் பதவி போகும். குடிசையை இன்றே சாத்துண்ணியிடம் கொடுங்கள்!”

பிறகு கழுத்து முத்துமாலையைக் கழற்றி அம்பலத்தாடியிடம் போட்டார். “பந்தயத்தில் நீ ஜெயித்தாய். ஆனால் லத்தி அள்ளும் வேலைக்கு ஆள் இல்லாமல் போயிற்றே!”

அம்பலத்தாடி மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். தாண்டவராயர் கூட்டத்துக்குள் நழுவிக்கொண்டிருந்தார்.

“இதோ இருக்கிறாரே, மகாராஜா! எங்கே பிறந்தவர் என்று நான் கேட்கவே மாட்டேன். அள்ளத் தெரிந்தால் போதும்!”