வாழைநார்

காலை ஐந்தரை மணி. பந்தயத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள். தூத்துக்குடியில் ஒரு பள்ளி மைதானத்தில், புது ஷூவின் நாடாவைக் கட்டத் தெரியாமல் கட்டிக்கொண்டிருந்தார் ஆறுமுகநயினார்.

வயது நாற்பத்தேழு. தினமும் உப்பளத்துக்குச் சைக்கிள் மிதிக்கிற கால்கள், ஓடிப் பழகியதில்லை. மகள் பேச்சிக்கனிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. இருபத்தொரு கிலோமீட்டர் ஓட ஒரு வருடமாகப் பயிற்சி எடுத்தவள். கையோடு கை கயிறு கட்டி அவளுடன் ஓடிவந்த தோழிக்கு முந்தின நாள் கணுக்கால் முறிந்துவிட்டது. துணை இல்லாமல் பந்தயத்தில் சேர்க்கமாட்டார்கள். வேறு ஆள் கிடைக்கவில்லை.

பயிற்சியாளர் ரோஸ்மேரி அவரைவிடப் பதினாறு வயது இளையவர்.

“பத்தொன்பது நாள் போதுமா டீச்சர்?”

“ஓடுங்க அண்ணாச்சி, பாப்போம்.”

கயிற்றின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை மகள் கையில். ஒரு சுற்று முடிவதற்குள் பேச்சிக்கனி நின்றுவிட்டாள்.

“யப்பா, என்னையச் சந்தைக்கா ஓட்டிட்டுப் போறீய? தோள்பட்ட கழண்டுரும் போலுக்கு.”

இருபத்தொரு வருடமாக அவளைக் கைபிடித்து ரோட்டைக் கடத்தியவர். வேறு விதம் தெரியாது.

ரோஸ்மேரி கயிற்றை அவிழ்த்தார். பையிலிருந்து பூ கட்டுகிற வாழைநாரை எடுத்தார். காய்ந்த நாரில் மெல்லிய இழை ஒன்றைக் கிழித்து இருவர் விரலிலும் முடிந்தார்.

“அறுந்தா நின்னுரணும். திரும்ப முடிஞ்சுட்டுத்தான் ஓடணும்.”

அன்று பதினாலு முறை அறுந்தது.

“முடிச்சுப் போடவே நேரம் சரியாப் போகுது. தூரம் எப்ப டீச்சர் பழகுறது?” என்றார் நயினார்.

ரோஸ்மேரி அடுத்த இழையைக் கிழித்துக் கொடுத்தார்.

ஒன்பதாம் நாள் நாலு முறை. “யப்பாவுக்கு இன்னைக்கு நாலு அவுட்டு” என்று மகள் கத்திச் சொன்னாள்.

பதின்மூன்றாம் நாள் கடற்கரைச் சாலையில் ஓடினார்கள். ஸ்கூட்டரில் பின்னால் வந்தார் ரோஸ்மேரி. வளைவு வந்தது. நயினார் வாய் திறப்பதற்குள் பேச்சிக்கனி திரும்பியிருந்தாள்.

“எப்படிட்டி தெரிஞ்சுது?”

“காத்து மாறுதுல்லா.”

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் அவளே சொன்னாள்: “எடது பக்கமா வாங்க. தண்ணி கெடக்கு, வண்டி ஏறுற சத்தம் கேக்கு.”

அதற்குப் பிறகுதான் அவர் பார்த்தார். இருபதடி தள்ளி, தண்ணீர் லாரி ஒழுகவிட்ட குட்டை.

நயினார் மகளின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். லேசாக மேலே தூக்கிய முகம், அத்தனை பக்கமும் கேட்டுக்கொண்டிருந்தது. கூட நடந்த வருடமெல்லாம் அவர் ரோட்டைத்தான் பார்த்திருந்தார்.

நின்றபோது ரோஸ்மேரி சொன்னார்: “பதினோரு கிலோமீட்டர்.”

நயினார் விரலைப் பார்த்தார். நார் அப்படியே இருந்தது.

பந்தயத்துக்கு முந்தின நாள் ரோஸ்மேரி மறுபடி கயிற்றைக் கொடுத்தார்.

“முடியாமப் போனா நடங்க. மூணரை மணி நேரம் இருக்கு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க அண்ணாச்சி. முடிவுக்கோட்டை அவதான் முதல்ல தாண்டணும். நீங்க அரை அடி முந்துனாலும் அவ ஓட்டம் செல்லாது.”

நயினார் கயிற்றைக் கையில் சுற்றினார், அவிழ்த்தார், திரும்பச் சுற்றினார்.

“அப்ப கடைசி நாலு எட்டு அவளுக்கு யாரு டீச்சர் வழி காட்டுவா?”

“பின்னால இருந்து பாருங்க, அண்ணாச்சி.”

பிப்ரவரி ஒன்பது, ஞாயிறு, காலை ஒன்பது மணி நாலு நிமிடத்துக்குப் பேச்சிக்கனி கோட்டைத் தாண்டினாள். மூன்று மணி நாலு நிமிட ஓட்டம். துணைக்கு ஓடியவரின் நேரத்தைப் பட்டியலில் எழுதுவதில்லை. கோட்டருகே எடுத்த படத்தில் அவர் ஓரடி பின்னால் இருக்கிறார், கயிறு தொய்ந்திருக்கிறது.