முந்திக் கடித்த கட்டெறும்புகள்

குளக்கரை மருதமரத்தடியில் கட்டெறும்புகள் புற்று வைத்திருந்தன. சற்றுத் தள்ளி ஒரு மேடு. மேட்டுக்கு அந்தப் பக்கம் செவ்வெறும்புகளின் புற்று. இரண்டு கூட்டத்துக்கும் முகம் கொடுத்துப் பேச்சு கிடையாது, சண்டையும் வந்ததில்லை.

கட்டெறும்புகளில் பூவாத்தாளுக்கு முட்டைகளைக் காக்கும் வேலை. அன்று காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மண் புழுங்கியது. பெருமழை வரப்போகிறது, முட்டைகளை மருதமர வேருக்கு ஏற்றிவிட வேண்டும் என்று அரசியிடம் சொல்லப் போனாள். போன இடத்தில் சபையே கூடியிருந்தது.

ஒற்றன் அப்போதுதான் ஓடி வந்திருந்தான். "செவ்வெறும்புகள் வரிசை வரிசையாக மேட்டில் ஏறுகிறார்கள். ஆளுக்கொரு முட்டை!" என்றான். மூச்சிரைத்ததில் அது 'மூட்டை' என்று கேட்டது.

"மூட்டையா? கட்டுச்சோறு! படையெடுத்து வருகிறார்கள்," என்று குதித்தான் படைத்தலைவன் சூரப்பன். "அவர்கள் வந்து கடிக்கும்வரை நாம் கை கட்டி நிற்பதா? வருமுன் காப்பதுதான் புத்தி. முந்திக்கொள்வோம்!"

"மூட்டை இல்லை ஐயா, முட்டை," என்றான் ஒற்றன்.

பூவாத்தாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மழைக்கு மேடேறுகிறார்கள்! ஐப்பசி பிறந்தால் நாமும் செய்கிற வேலைதானே? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யாராவது சண்டைக்கு வருவார்களா?"

"பிள்ளைகளை ஏன் பத்திரப்படுத்துகிறார்கள்? சண்டை போடப் போகிறோம் என்று தெரிந்துதானே!" என்றான் சூரப்பன்.

சபை தலையாட்டியது. மூட்டை என்றாலும் போராம், முட்டை என்றாலும் போராம். என்ன நியாயமோ!

அரசி தயங்கினாள். "ஒருவேளை பூவாத்தாள் சொல்வது சரியாக இருந்தால்?"

"தப்பாக இருந்தால், தாயே? வருத்தப்படக்கூட நாம் இருக்க மாட்டோம்," என்றான் சூரப்பன்.

அரசி சரி என்றுவிட்டாள்.

"போய்த் தொலையுங்கள்," என்றாள் பூவாத்தாள். "முட்டை தூக்க ஐம்பது பேரையாவது விட்டுவிட்டுப் போங்கள்."

"வந்து தூக்கிக்கொள்ளலாம். அரை நாழிகை வேலை," என்று சொல்லி, நடக்க முடிந்தவர்களை எல்லாம் ஓட்டிக்கொண்டு போனான் சூரப்பன்.

முதல் அரை நாழிகை வெற்றிதான். செவ்வெறும்புகளின் வாயில் முட்டை இருந்தது. கடிக்க வாய் ஏது? அப்புறம் அவை முட்டைகளைக் கீழே வைத்துவிட்டு எதிர்த்துத் திரும்பின. செவ்வெறும்புக் கடியைப் பற்றி யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. பூவாத்தாள் ஒற்றை ஆளாய் ஒவ்வொரு முட்டையாய்க் கவ்வி வேரில் ஏற்றினாள். ஏற்றினாள், இறங்கினாள், ஏற்றினாள். பதினேழாவது முட்டையோடு வெளியே வந்து திரும்பிப் பார்த்தபோது புற்றின் வாயே தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது. உள்ளே இன்னும் முந்நூறு முட்டைகள்.

சூரப்பன் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். இரண்டு கால் போயிருந்தது. கூடப் போனவர்களில் பாதிப்பேர் இல்லை. அவன் முகத்தில் மட்டும் ஒரு பெருமை.

"பார்த்தாயா பூவாத்தா! அவர்கள் கடிக்கிற கூட்டம் என்று நான் சொன்னேனா இல்லையா?"

நறுக்கென்று கேட்க அவளிடம் ஆயிரம் இருந்தது. வாயைத் திறந்தால் முட்டை விழுந்துவிடும். அப்படியே வேரில் ஏறிப் போனாள்.

வராத பகையை முந்தி அழிக்கப் புறப்படுகிறவன், வந்துகொண்டிருக்கும் கேட்டுக்குத் தன் வீட்டைத் திறந்துவிட்டுப் போகிறான்.