ஐந்து முறை வேண்டாம்

கொல்லிமலை மேலே ஒரு சின்ன ஆசிரமம். அதற்கு ஒரே ஒரு வேன். வாரத்தில் மூன்று நாள், பக்கத்து ஊர் செல்லக்கிளியை டயாலிசிஸுக்காக அந்த வேன்தான் நாமக்கல்லுக்கு அழைத்துப் போகும்.

ஓட்டுபவர் பொன்னுரங்கம். மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற பிறகு வந்து சேர்ந்தவர். ஆசிரமத்தை நடத்தும் தவமணி அம்மா அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் பொன்னுரங்கத்துக்குக் குரு அவர்தான்.

பொன்னுரங்கத்துக்கு யாரிடமும் மறுத்துப் பேச வராது. போன வருஷம் சர்வீஸ் சென்டரில் எஞ்சினில் ஊற்றும் மருந்து, டீசலில் கலக்கும் மருந்து என்று நீட்டியதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்தார். அதை நினைத்துத்தான் இந்த ஆடியில் தவமணி அம்மா ஒரு விரதம் கொடுத்தார்.

"நாற்பது நாள். யார் எதை நீட்டினாலும் வேண்டாம்னு சொல்லிப் பாருங்க."

ரசம் இரண்டாம் முறை வந்தபோதுகூட அவர் இலையின் மேல் கையை வைத்து மறைத்தார்.

முப்பதாவது நாள் வேனை சர்வீஸுக்கு விட்டார். டை கட்டிய ஒருவர் சிரித்த முகத்தோடு பட்டியல் வாசித்தார்.

"எஞ்சின் ஃப்ளஷ் பண்ணிடலாம் சார்."

"வேண்டாம்."

"ஆயில் அடிட்டிவ்? டீசல் அடிட்டிவ்? ஏசி க்ளீனிங்?"

"வேண்டாம். வேண்டாம். வேண்டாம்."

"பிரேக் ஆயிலாவது மாத்திக்குங்க சார். மலை வண்டி. அப்புறம் நாங்க பொறுப்பில்லை."

"வேண்டாம்."

வாழ்க்கையில் முதல் முறையாக நிமிர்ந்து நடந்து வெளியே வந்தார்.

இரண்டு நாள் கழித்து, காலை ஏழு மணி. செல்லக்கிளி பின் சீட்டில் இருந்தாள். டவுனில் வேலை இருந்ததால் தவமணி அம்மாவும் முன்னால் ஏறியிருந்தார். இறக்கத்தில் பாதி வளைவுகள் தாண்டியதும் பிரேக் மிதி, பஞ்சை மிதித்ததுபோல உள்ளே போனது. வண்டி வேகம் குறையவில்லை.

மறுபடி மிதித்தார். மறுபடியும் பஞ்சு.

"ஏனுங்கண்ணா இத்தனை வேகம்? ஆஸ்பத்திரி எங்கயும் ஓடிப் போயிராதுங்க" என்றாள் செல்லக்கிளி.

"பிரேக் பிடிக்கலைங்கம்மா" என்றார் பொன்னுரங்கம்.

"கியரைக் குறைங்க" என்றார் தவமணி அம்மா.

இரண்டு. ஒன்று. எஞ்சின் அலறியது. வளைவில் எதிரே வந்த லாரி ஒரு சாண் இடைவெளியில் கடந்து போனது.

"மலைப் பக்கமா ஒதுக்குங்க. ஹேண்ட் பிரேக்."

வேன் மண்மேட்டில் முட்டி நின்றது. சாலையின் அந்தப் பக்கம் தடுப்புச் சுவரும் இல்லை.



"நாமக்கல்லுன்னு சொல்லிட்டு மேலோகத்துக்கே கூட்டிட்டுப் போகப் பார்த்தீங்களேண்ணா" என்றாள் செல்லக்கிளி. சிரித்தாள். ஆனால் சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த கையை அவளால் எடுக்க முடியவில்லை.

அடுத்து வந்த அரசு பஸ்ஸில் அவளை ஏற்றி அனுப்பினார்கள். தவமணி அம்மா வேனின் முன்பக்கத்தைத் திறந்து, ஒரு சின்ன டப்பாவைக் காட்டினார்.

"மூடியைத் திறங்க."

உள்ளே டிகாக்‌ஷன் நிறத்தில் ஏதோ இருந்தது.

"இதுதான் பிரேக் ஆயில். பழசானா தண்ணி சேர்ந்துக்கும். இறக்கத்துல கொதிச்சிடும், அப்புறம் மிதிச்சாலும் பிடிக்காது."

பொன்னுரங்கத்தின் முகம் சிவந்தது. "நீங்கதானே வேண்டாம்னு சொல்லச் சொன்னீங்க!"

"ஆமாங்க. தேவை இல்லாததை மட்டும்னு சொல்லாம விட்டது என் தப்பு."

பொன்னுரங்கம் அதை எதிர்பார்க்கவில்லை. குரல் தாழ்ந்தது.

"அப்போ அந்த சர்வீஸ்காரர் சொன்ன அஞ்சும் நிஜந்தானுங்களா?"

"வண்டியோட புத்தகத்துல இந்த ஆயில் இருக்கு, ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும்னு. அந்த மருந்தெல்லாம் இல்லை."

"அஞ்சையும் ஒரே சிரிப்போடதானே சொன்னாரு. எது வியாபாரம், எது நிஜம்னு நான் எப்படிங்கம்மா கண்டுபிடிப்பேன்?"

தவமணி அம்மா டப்பாவை மூடினார். புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்தார்.

"போன வருஷம் சரின்னு சொன்னீங்க. இந்த வருஷம் வேண்டாம்னு சொன்னீங்க. ரெண்டுல எதைச் சொன்னாலும் உடனே கிளம்பிடலாம்."

"வேற என்னங்க சொல்றது?"

"புத்தகத்துல எங்க இருக்குன்னு காட்டுங்கன்னு சொல்லலாம். சொன்னா, கொஞ்ச நேரம் அங்கயே நிக்கணும்."