மொட்டைத் தலை போல்ட்

பழைய டிராக்டர் கலப்பைகளைச் சரிசெய்து கொடுக்கிற கொட்டகை அது. அங்கே வேலை கற்றுக்கொள்ள வந்த இருசப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது. கற்றுக்கொடுக்கிற வேதவல்லிக்கு முப்பது கூட ஆகவில்லை, இடுப்பில் கைக்குழந்தை. அவர் அவளை வாத்தியாரம்மா என்பார். அவள் அவரை அண்ணா என்பாள்.

இருசப்பன் முன்பு கிணறு வெட்டியவர். ஒருமுறை மண் சரிந்து நெஞ்சுவரை மூடிவிட்டது. தோண்டி எடுக்கப் பாதி நாள் ஆனது. அதிலிருந்து தலைக்கு மேலே எது இருந்தாலும் அவருக்குக் கை நடுங்கும்.

தூக்கி நிற்கிற கலப்பைக்கு அடியில் போவதென்றால் முதலில் மரக்கட்டை முட்டுக் கொடுப்பார். முட்டைத் தட்டிப் பார்ப்பார். தண்ணீர் குடித்துவிட்டு வந்து இன்னொருமுறை தட்டிப் பார்ப்பார்.

"கட்டைக்கு ஒரு தாலியைக் கட்டிட்டு உள்ள போங்க," என்று வந்தவர்கள் கேலி செய்வார்கள். வேதவல்லி மட்டும் சிரித்ததில்லை.

ஒருநாள் அவர் கேட்டார்.

"வாத்தியாரம்மா, இந்த நடுக்கம் எனக்கு எப்போ போகும்?"

"கட்டையை இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளுங்க அண்ணா," என்றாள்.

அந்த வாரம் திம்மராயன் ஒரு கலப்பை கொண்டு வந்தார். ரெண்டு கொழு வைத்தது. பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கியது. யார் செய்தது, எந்த வருஷத்தது என்று அவருக்கும் தெரியவில்லை. பெயர் இருந்த இடத்தைத் துரு தின்றிருந்தது.

வேதவல்லி மண்ணெண்ணெய் ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாள். பெயர் வரவில்லை. கொழுவைத் தாங்குகிற கலப்பைக் காலில் இரண்டு ஓட்டைகள் தெரிந்தன. ஒன்று பெரியது, ஒன்று சின்னது. இரண்டிலும் விரலை விட்டுப் பார்த்தாள்.

"கல்லுக்காட்டுக்குன்னே செஞ்ச கலப்பை," என்றாள். "பெரிய ஓட்டையில எந்த போல்ட் வேணா போடலாம். சின்னதுல மொட்டைத் தலைதான் போடணும்."

மொட்டைத் தலை என்றால் தலையில் எண் எதுவும் அடிக்காத இளசு போல்ட். எண் அடித்தது கெட்டி. இருசப்பன் சரி என்று தலையாட்டினார். ஏன் என்று கேட்கவில்லை.

கொழுவை மாற்றினார்கள். வளைந்த சட்டத்தைச் சூடு காட்டி நிமிர்த்தினார்கள். திம்மராயனிடம் உபரியாக ரெண்டு மொட்டைத் தலை போல்ட் கொடுத்து அனுப்பினாள். தகர டப்பாவில் இன்னும் ஒரு கை போட்டுக் கொட்டகையில் வைத்தாள்.

கலப்பை போன மூன்றாம் நாள் காலை, வேதவல்லி குழந்தைக்கு ஊசி போடப் போயிருந்தாள். திம்மராயன் டிராக்டரோடு வந்து நின்றார். மட்கார்டின் மேல் அவருடைய நாலு வயது மகள் உட்கார்ந்திருந்தாள்.

"யோவ் இருசப்பா! போல்ட் போட்டியா, முருங்கைக் குச்சி போட்டியா? நீங்க குடுத்த ரெண்டும் சேத்து மூணு ஒடைஞ்சிருச்சு."

"கல்லு கில்லு..."

"கல்லு இல்லாத காடு ஒங்க வாத்தியாரம்மா வீட்ல இருக்குதா? கட்டையத் தட்டிக்கிட்டே இருக்கிற ஆளு கையில வேற எப்படிய்யா வேலை வரும்!"

எதிர் டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சின்னப் பெண்ணும் எதற்கென்று தெரியாமல் சிரித்தாள்.

இருசப்பனுக்குக் காது சூடாகிவிட்டது. உள்ளே போனார். டப்பாவைத் தொடவில்லை. லாரியிலிருந்து கழற்றிய சாமான் கிடக்கிற மூட்டையைக் கிளறினார். தலையில் எண் அடித்த போல்ட் ஒன்று அதே கனத்தில் கிடைத்தது. போய்த் தூக்கி நின்ற கலப்பைக்கு அடியில் படுத்து முடுக்கினார்.

"இனி ஒடையாது, போ," என்றார்.

வேதவல்லி குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுக் கொட்டகைக்கு வந்தபோது அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

அவள் டப்பாவைத் திறந்து எண்ணினாள். ஒன்றும் குறையவில்லை.

"எதைப் போட்டீங்க?"

"எண்ணு போட்டது. லாரி போல்ட்."

"மட்கார்ட்ல யாராவது உக்காந்திருந்தாங்களா?"

"அவர் பொண்ணு..."

அவள் டப்பாவையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு மொபெட்டை உதைத்துக் கிளப்பினாள். இருசப்பன் ஓடிப்போய்ப் பின்னால் தொற்றிக்கொண்டார்.

"என்னம்மா ஆச்சு?"

"மண்ணுக்குள்ள பாறை மாட்டினா அந்தச் சின்ன போல்ட் ஒடையணும். ஒடைஞ்சா கலப்பைக் கால் பின்னால மடங்கிக்கும். டிராக்டர் தப்பிச்சிக்கும்."

"ஒடையலன்னா?"

"கலப்பை பாறையை விடாது. டிராக்டர் இழுக்கறத விடாது. முன்சக்கரம் மேல எழும்பும்." அவள் ஒரு பள்ளத்தைச் சுற்றி வண்டியைத் திருப்பினாள். "நல்லா இழுக்குதுன்னு நெனச்சு ஆக்சிலேட்டரை இன்னும் மிதிச்சா, அப்படியே மல்லாந்துடும்."

இருசப்பன் மொபெட்டின் கம்பியை இறுக்கிப் பிடித்தார். கிணற்றில் மண் மூடியபோது நெஞ்சில் ஏறின பாரம் மறுபடி வந்து உட்கார்ந்தது.

"கை ஒரு துளி நடுங்கலம்மா," என்றார், அழுகிற குரலில். "முட்டுக் கூடக் கொடுக்காம உள்ள போயிட்டேன்."

அவள் வண்டியை இன்னும் வேகமாக முறுக்கினாள்.

புளியமரத் திருப்பத்தில் டிராக்டர் சத்தம் கேட்டது. ஒரே சீராக வந்த சத்தம் திடீரென்று அடித்தொண்டைக்கு இறங்கி உறுமியது. மொபெட் நிற்பதற்குள் இருசப்பன் குதித்துவிட்டார்.

காட்டு நடுவில் டிராக்டர் நின்ற இடத்திலேயே புகை கக்கியது. பின்சக்கரம் மண்ணைத் தோண்டியது. முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு ஒரு முழம் மேலே இருந்தன. திம்மராயன் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். மட்கார்டின் மேல் சின்னப் பெண் அண்ணாந்து கைகொட்டிச் சிரித்தாள்.

இருசப்பன் கத்திப் பார்த்தார். டிராக்டர் உறுமலில் அது எடுபடவில்லை. ஓடினார். செருப்பு ஒன்று போயிற்று. அந்தரத்தில் நின்ற முன்சக்கரத்துக்கு நேர் எதிரே போய்க் கையிரண்டையும் விரித்து நின்றார்.

திம்மராயன் பதறிக் கிளட்சை மிதித்தார். டிராக்டர் தொப்பென்று முன்னால் விழுந்தது. சக்கரம் இருசப்பனுடைய காலுக்கு ஒரு சாண் தள்ளி இறங்கியது.

"சாகறதுக்கு வேற எடம் கெடைக்கலியா ஒனக்கு?"

"அப்பா, இன்னொருதடவை தூக்கச் சொல்லு!" என்றாள் சின்னப் பெண்.

வேதவல்லி நடந்து வந்தாள்.

"பொண்ணை எறக்குங்க," என்றாள். "நீங்களும் எறங்குங்க."

கலப்பையைத் தூக்க வைத்து, வரப்புக் கல்லை உருட்டி முட்டுக் கொடுத்து, எண் போட்ட போல்டைக் கழற்றினாள். அதற்கு ஒரு கீறல் இல்லை. கலப்பையின் சட்டம் ஓரமாக வளைந்திருந்தது. மொட்டைத் தலை ஒன்றைப் போட்டு முடுக்கினாள். கலப்பையை மேலே டிராக்டரோடு இணைக்கிற டாப் லிங்க் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

"கலப்பை மூக்கை ரொம்பக் குத்திக்கிட்டுப் போகுது. அதனாலதான் மூணு ஒடைஞ்சிருக்கு," என்றாள்.

பிறகு அவளே ஏறி உட்கார்ந்து, டிராக்டரைப் பின்னால் எடுத்து, அதே பாறையின் மேல் மெதுவாக ஓட்டினாள். இருசப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

டக்கென்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தார். கலப்பைக் கால் பின்னால் மடங்கித் தொங்கியது. டிராக்டர் நாலு சக்கரமும் தரையில் பதிய, போய்க்கொண்டே இருந்தது.

திம்மராயன் மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அவளுடைய காலை விடாமல் பிடித்திருந்தார். வேதவல்லி புது போல்ட் ஒன்றைப் போட்டுவிட்டு, டப்பாவில் மீதி இருந்ததை அவர் கையில் கொடுத்தாள்.

சாயந்தரம் கொட்டகையில் வேறொரு கலப்பை வேலைக்கு நின்றது. இருசப்பன் முட்டுக் கொடுத்தார். தட்டிப் பார்த்தார். தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி தட்டிப் பார்த்தார். ஸ்பேனரைப் பிடிக்க முடியாமல் கை ஆடியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"வாத்தியாரம்மா," என்றார். "அன்னைக்குக் கேட்டேன். நீங்க சொல்லல. இந்த நடுக்கம் எப்போதான் போகும்?"

வேதவல்லி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"காலையில போயிருந்ததே அண்ணா."