தலைவருக்குப் பொருந்திய மட்டை

பேடல் என்பது கண்ணாடிச் சுவருக்குள் ஜோடி ஜோடியாக ஆடுகிற ஆட்டம். கிளப் தலைவர் இளங்குமரன் உடைந்த மட்டையைக் கிளப் கடையின் மேசையில் எறிந்தார்.

"என் ஆட்டத்துக்கு ஒத்துவர்ற மட்டையா எடு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

கடைப்பெண் கஸ்தூரி அதைத் திருப்பிப் பார்த்தாள். நடுவில் கீறலே இல்லை, விளிம்பெல்லாம் சிதைந்திருந்தது. பந்தைவிடச் சுவர்தான் அதிகம் அடி வாங்கியிருக்கிறது.

உள்ளேயிருந்து பச்சை நாடா சுற்றிய பழைய மட்டையைக் கொண்டுவந்தாள்.

"உங்க கோபம், திட்டு எல்லாத்துக்கும் மூணு வருஷமா ஒத்துவந்தது இது ஒண்ணுதான் சார்."

"இது என் ஜோடி சபாபதியோடதாச்சே!"

"இனிமே ஆடலைன்னு போன வாரம் கொடுத்துட்டுப் போயிட்டார் சார்."

எதிரணி இருவரும் காத்திருந்தார்கள். மட்டையை வாங்கிய தலைவர், சேர்ந்து ஆட ஜோடியில்லாமல் களத்தின் வாசலிலேயே நின்றார்.